நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகச் சென்ற முன்னோரின் குடும்பத்தைத் தேட முடியுமா? அக்கால வரலாற்றோடு அதை எப்படிப் பொருத்திப் பார்ப்பது?

தேட முடியும். இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணியோடு போனவர்களில் பலருக்குத் தனித்தனியான பதிவு கிடைப்பது அரிது. ஆனால் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தத்தின் பேரில் போன 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்து, கப்பல்வாரியாகப் பேரேட்டில் எழுதி வைத்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தமையனாரும் அவர்களில் ஒருவர். அவரைத் தேடிய அனுபவத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன். குடும்பத்தின் ஆண்டுகளையும் அக்காலச் சட்டங்களின் ஆண்டுகளையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதிப் பார்க்காதவரை முன்னோர் எடுத்த முடிவுகள் நமக்கு விளங்குவதில்லை என்பது என் கருத்து. அதற்காக, அவர் காலத்தில் நடந்த ஒவ்வொரு பெரிய நிகழ்ச்சியிலும் அவரைக் கொண்டுபோய் நிறுத்திவிடவும் கூடாது.

எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்த செய்தி இதுதான்: பெரியவர் தாது வருடப் பஞ்சத்தில் (1876–78) ஊரைவிட்டுப் போனார், சில ஆண்டுகள் பணம் அனுப்பினார், பிறகு அங்கேயே குடும்பமாகி எங்களை மறந்துவிட்டார். கப்பல் பட்டியலில் அவரைக் கண்டபோது அவர் டர்பனில் இறங்கிய ஆண்டு 1898 என்றும், வயது 22 என்றும் இருந்தது. பட்டியலில் உள்ள வயதுகள் தோராயமானவை என்றாலும், கணக்குப் பார்த்தால் அவர் 1876ஐ ஒட்டிப் பிறந்தவராகிறார். ஆகவே 1876–78 பஞ்சத்தில் அவர் கப்பலேறவில்லை. அந்தப் பஞ்சத்தில்தான் பிறந்திருக்கிறார். பிறப்பையும் பயணத்தையும் குடும்ப நினைவு ஒன்றாகச் சேர்த்துவிட்டிருந்தது. வாய்மொழிச் செய்தியை இதனால் பொய் என்று ஒதுக்கிவிடக்கூடாது. அவர் பெயரும் தந்தை பெயரும் ஊரும் அந்தச் செய்தியிலிருந்துதான் எங்களுக்குக் கிடைத்தன. அவை இல்லாவிட்டால் பட்டியலில் அவரை அடையாளம் கண்டிருக்கவே முடியாது.

பட்டியலில் என்னென்ன இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு தேடுவது நல்லது. பெயர், தந்தை பெயர், வயது, பாலினம், சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடம்பில் உள்ள அடையாளத் தழும்பு ஆகியவை பொதுவாக இருக்கும். யாரிடம் வேலைக்கு ஒப்படைக்கப்பட்டார் என்பதும் தெரியவரும். பட்டியல்களின் படிகள் டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் உள்ளன. குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரியின் அலுவலகக் கோப்புகள் அந்நாட்டு அரசு ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. பெயரைவிட எண்ணே முக்கியம். முனுசாமி என்ற பெயர் எழுத்தருக்கு எழுத்தர் வேறு வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும். எண்ணோ திருமணப் பதிவிலும், குழந்தையின் பிறப்புப் பதிவிலும், முதலாளி மாறிய குறிப்பிலும், இறப்புப் பதிவிலும் அவரைத் தொடர்ந்து வரும். அதனால் எண் கிடைத்தவுடன் அதை ஓர் இலக்கமும் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊரைக் கண்டுபிடிப்பதற்கு மாவட்ட எல்லைகளின் வரலாறும் தெரிய வேண்டும். எங்களவர் ஊர் வடஆற்காடு மாவட்டம், வாலாஜாபேட்டை வட்டம் என்று பதிவாகியிருந்தது. அந்த வடஆற்காடு இன்று இல்லை. 1911இல் சித்தூர் தனி மாவட்டமானபோது அதன் வடபகுதி பிரிந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. 1989இல் திருவண்ணாமலையும் 2019இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனித்தனி மாவட்டங்களாயின. ஆகவே பட்டியலில் வடஆற்காடு என்று கண்டவுடன் வேலூருக்கு மட்டும் போய்த் தேடுவது போதாது. அந்த ஊர் இன்றைக்கு ஆந்திராவிலும் இருக்கலாம். இங்கேயுள்ள பதிவுகளில் எங்களுக்கு மிகவும் உதவியது சார்பதிவாளர் அலுவலகத்துப் பழைய கிரயப் பத்திரத்தின் நகல்தான். பாகம் பிரியாத நிலத்தை விற்றபோது, வெளிநாடு போன அண்ணனுக்கும் பங்கு உண்டு என்பதைத் தம்பி அதில் எழுதி வைத்திருந்தார். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள வருவாய்த்துறைக் கோப்புகள் ஊரின் அன்றைய நிலையை அறிய உதவின. தனி மனிதரைப் பற்றி அவற்றில் அதிகம் கிடைக்காது.

இன்னொன்றையும் செய்யச் சொல்வேன். உங்கள் முன்னோரின் வரியை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாமல், அதற்கு மேலும் கீழும் உள்ள வரிகளைப் படியுங்கள். சேர்ந்து பதிவுசெய்தவர்களின் எண்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து வரும். எங்களவருக்கு அடுத்த எண்களில் அதே வட்டத்தின் பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் இருந்தார்கள். தனியாக ஏமாற்றி அழைத்துப் போகப்பட்டார் என்று நாங்கள் நினைத்திருந்தவர், தெரிந்த முகங்களோடு போயிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அவரை டண்டீ நகருக்கு அருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். 1899 அக்டோபரில் ஆங்கிலேயருக்கும், அங்கே குடியேறியிருந்த டச்சு வம்சாவளியினரான போயர்களுக்கும் போர் மூண்டது. அந்த மாதம் 20ஆம் நாள் டண்டீயை ஒட்டிய தலானாக் குன்றில் முதல் பெரிய சண்டை நடந்தது. ஆங்கிலப் படை பின்வாங்க, ஊர் போயர்கள் வசமானது. எங்களவரின் அடுத்த பதிவு 1900இல் கடற்கரையோரக் கரும்புத் தோட்டம் ஒன்றில் இருக்கிறது. சுரங்கத்திலிருந்து தோட்டத்துக்கு ஏன் மாறினார் என்பதைப் போர் விளக்குகிறது. அப்போரில் காந்தி அமைத்த இந்திய மருத்துவ உதவிப் படையில் ஏறக்குறைய 1,100 பேர் இருந்தார்கள்; அவர்களில் சுமார் 800 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களில் இவரும் ஒருவராக இருந்திருக்கலாமே என்று என் உறவினர்கள் ஆசைப்பட்டார்கள். அப்படி ஓர் ஆவணமும் கிடைக்கவில்லை; ஆகவே எங்கள் குடும்பக் குறிப்பேட்டில் அதை எழுத நான் சம்மதிக்கவில்லை.

1901இல் அவர் அனுமதியின்றித் தோட்டத்தை விட்டுப் போனதற்காகத் தண்டிக்கப்பட்டார் என்று ஒரு பதிவு உள்ளது. அதைப் பார்த்த என் மாமா வருந்தினார். 1891ஆம் ஆண்டின் 25ஆம் எண் சட்டத்தைப் படித்தால் வருந்த வேண்டியதில்லை. முதலாளி எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல் தொழிலாளி தன் இருப்பிடத்திலிருந்து ஒரு மைலுக்கு அப்பால் காணப்பட்டாலே அது குற்றம். முதலாளி செய்த கொடுமையைப் பற்றிப் புகார் சொல்லப் போகிறவரும் இந்தச் சட்டத்துக்குள் சிக்கக்கூடும். 1894இல் முன்பற்கள் உடைந்து இரத்தம் ஒழுகக் காந்தியின் டர்பன் அலுவலகத்துக்கு வந்த பாலசுந்தரம் என்ற தமிழரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரும் முதலாளியை விட்டுத் தன் விருப்பப்படி விலகியிருந்தால் குற்றவாளியாகத்தான் எண்ணப்பட்டிருப்பார். குற்றப் பதிவைப் படிக்கும்போது, அந்தச் செயலை யார் குற்றமாக்கினார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இனி, எங்களை மறந்துவிட்டார் என்ற பழிக்கு வருகிறேன். ஐந்தாண்டு ஒப்பந்தம் 1903இல் முடிந்தது. அவர் ஊர் திரும்பவில்லை. சுதந்திரமாகக் கடையோ தோட்டமோ வைக்கவும் இல்லை. மீண்டும் ஒப்பந்தத்தில் சேர்ந்தார். வேலைக்காரனாகவே இருக்கப் பழகிவிட்டார் என்று இதைப் படித்த ஒருவர் சொன்னபோது எனக்கு மிகவும் வலித்தது. நேட்டால் அரசு 1895இல் இயற்றிய 17ஆம் எண் சட்டத்தின்படி, புதிதாக வருபவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும், அல்லது மறுபடியும் ஒப்பந்தத்தில் சேர வேண்டும், அல்லது ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி கட்ட வேண்டும். முதலில் 25 பவுண்டு கேட்டார்கள். வைஸ்ராய் எல்ஜின் பிரபு அதை 3 ஆக்கி ஒப்புக்கொண்டார். முதல் ஒப்பந்தத்தில் ஓர் ஆணுக்கு மாதச் சம்பளம் 10 ஷில்லிங்கில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங் ஆகும். 3 பவுண்டு என்பது 60 ஷில்லிங்; அதாவது அந்த உச்சச் சம்பளத்திலும் நான்கு மாதத்துக்கு மேற்பட்ட தொகை. அவர் மனைவியும் 1896க்குப் பிறகு வந்தவர் என்பதால் அவருக்கும் தனியாக 3 பவுண்டு. 1903ஆம் ஆண்டின் சட்டம் 16 வயதான ஆண் பிள்ளைகளையும் 13 வயதான பெண் பிள்ளைகளையும்கூட இந்த வரிக்குள் கொண்டுவந்தது.

வரிதான் காரணம் என்று அவர் எந்தத் தாளிலும் சொல்லிவைக்கவில்லை. ஆனால் இரண்டாவது ஒப்பந்தமும் முடிந்து அவர் வெளியே வந்த காலமும், பணம் வருவது நின்றதாக எங்கள் வீட்டில் சொல்லும் காலமும் ஒன்றாக இருக்கின்றன. வரி கட்டத் தவறியவர்களைச் சிறையில் அடைத்தார்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகும் அவரை நன்றி கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பேச்சு எங்கள் குடும்பத்தில் இனி எழக்கூடாது என்பதற்காகவே பத்திரங்களையும் பதிவுகளையும் நகலெடுத்து எல்லா வீடுகளுக்கும் கொடுத்தேன்.

அந்த வரியை ஒழிப்பதற்காகவும் எழுந்ததுதான் 1913ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம். அக்டோபரில் நியூகாசில் சுரங்கங்களில் தொடங்கி நவம்பரில் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. அந்தப் போராட்டத்தில் சிறை சென்று நோயுற்றுத் திரும்பிய தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அவ்வாண்டு இயற்றப்பட்ட நிவாரணச் சட்டத்தால் வரி ஒழிந்தது. எங்களவர் அந்த வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டாரா என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் அதே 1913 மார்ச்சில், கிறித்தவ முறைப்படி நடக்காத, பதிவு பெறாத திருமணங்கள் செல்லாது என்று கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பை நீங்கள் கவனிக்க வேண்டும். குடும்பத்தைத் தேடுகிறவருக்குத் திருமணப் பதிவு கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இதுபோன்ற சட்டச் சிக்கல்களைப் பொறுத்தது. பதிவு இல்லை என்பதால் திருமணமே நடக்கவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

பிள்ளைகளைத் தேடும்போது தந்தையின் இயற்பெயரைக் குடும்பப் பெயராக வைத்துத் தேடுங்கள். அங்கே நாயுடு, பிள்ளை, கவுண்டர், படையாச்சி போன்ற சாதிப் பெயர்களும் குடும்பப் பெயராயின; முருகன், பெருமாள், முனுசாமி என்று பாட்டனார் பெயரே நிலைத்துவிட்ட குடும்பங்களும் உண்டு. சாதிக் கட்டத்தில் உள்ளதை மட்டும் நம்பி உறவை உறுதிசெய்யவோ மறுக்கவோ வேண்டாம். கப்பலேறும் முன் அதை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. இனத்துக்கு இனம் தனிக் குடியிருப்புப் பகுதி என்று வகுத்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் வந்த பிறகு டர்பன் இந்தியர்களில் ஏராளமானோர் தங்கள் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டுச் சாட்ஸ்வொர்த் போன்ற இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். பழைய முகவரி அங்கே அறுந்துபோகும். எங்களுக்கு அந்த அறுந்த இடத்தை இணைத்துக் கொடுத்தவர்கள், இடம் மாறிய பிறகும் பழைய மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்த முதியவர்கள்.

பெரியவரின் பேரப்பிள்ளைகளின் வாரிசுகளோடு இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் மனைவியின் பக்கம் மட்டும் இன்னும் தெரியவில்லை. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் கப்பலில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த அம்மையார் 1899இல் துணையின்றித் தனியாக வந்து இறங்கியிருக்கிறார். தென்ஆற்காடு மாவட்டம், விழுப்புரம் வட்டம் என்று பதிவில் இருக்கிறது; ஊரின் பெயர் எழுத்தர் எழுதியபடி எந்த ஊருக்கும் பொருந்தவில்லை. அந்த வட்டாரத்தில் உங்கள் வீட்டிலிருந்து ஒரு பெண் அக்காலத்தில் கப்பலேறிப் போனதாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தால், பெயரையும் அவர் தந்தையின் பெயரையும் எழுதி வையுங்கள். பட்டியலில் தேடத் தொடங்குவதற்கு அவ்விரண்டும் போதும்.