ஓய்வு பெற்ற பிறகு புதிதாக ஒரு பொழுதுபோக்கைத் தொடங்க முடியுமா? எதைத் தேர்ந்தெடுப்பது?

முடியும். கேள்வியின் முதல் பாதிக்கு அவ்வளவுதான் பதில். இரண்டாவது பாதியில், 'ஏதாவது பயனுள்ளதாக இருந்தால் நல்லது' என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. அந்த வரி உங்களுடையதாக இருக்காது. வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள், நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள்.

ஓய்வு பெற்றவர் கையில் ஆளாளுக்கு ஒரு பட்டியலைத் திணிப்பார்கள். மூளைக்குக் குறுக்கெழுத்து, மூட்டுக்கு நடை, மனத்துக்குத் தியானம். இவற்றோடு எனக்குப் பகை எதுவும் இல்லை. குறுக்கெழுத்துப் பிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் கவனித்துப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் உறுப்பின் பெயர் இருக்கும். அது மருந்துச் சீட்டு. மருந்தை யாரும் ஆசையாக விழுங்குவதில்லை.

என் கட்சி வேறு. வயது நம்மிடமிருந்து சிலவற்றைப் பிடுங்கிக்கொண்டது போலவே சிலவற்றைக் கொடுத்தும் இருக்கிறது. பெரும்பாலும் நாம் கேட்காதவை. அவற்றுக்கு வேலை கொடுக்கிற எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு வயது கொடுத்தது அதிகாலை மூன்று மணி.

உங்களுக்கும் கொடுத்திருக்கும். ஒன்பது மணிக்கே கண் சொக்கும், மூன்று மணிக்கு யாரோ தட்டி எழுப்பியது போல விழிப்பு வந்துவிடும். வயதாக ஆகத் தூக்க நேரம் முன்னால் நகர்வது இயல்புதான் என்று மருத்துவரே சொன்னார். வானம் பார்க்கத் தொடங்குவதற்கு முன்பு, விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு பழைய அலுவலகச் சண்டைகளை மனத்துக்குள் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாச் சண்டையிலும் நான்தான் ஜெயித்தேன் என்பது வேறு விஷயம்.

பணி ஓய்வு நாளில் உடன் வேலை பார்த்தவர்கள் ஒரு சிறிய தொலைநோக்கியைப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். முன்பக்க லென்ஸின் விட்டம் 60 மில்லிமீட்டர், குவியத் தூரம் 700. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் '525 மடங்கு' என்று போட்டிருந்தது. அலமாரியின் மேல் தூசி படிந்து கிடந்த அதை, ஒரு நாள் விடிவதற்கு முன் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஆகஸ்ட் மாதம். நான்கு மணி சுமாருக்குக் கிழக்கே ஓரியன் என்ற வேட்டைக்காரன் உருவ நட்சத்திரக் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. குளிர்கால மாலைகளில் எல்லோரும் பார்க்கிற அந்த மூன்று நட்சத்திர வரிசையை, ஆகஸ்டிலேயே பார்க்கிற சலுகை தூக்கம் வராதவர்களுக்கு மட்டும்தான்.

அந்த 525 எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஏமாந்து தொலைநோக்கியை மூட்டை கட்டியவர்கள் ஏராளம். குவியத் தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம். பெட்டியில் வந்த ஒரு வில்லை 4 மில்லிமீட்டர்; 700ஐ 4ஆல் வகுத்தால் 175. அதோடு பெட்டியில் இருக்கும் மும்மடங்கு வில்லையைச் சேர்த்தால் 525. கணக்கு சரி, பார்வைதான் பூஜ்யம். ஒரு மில்லிமீட்டர் விட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதுதான் பயன்படும் எல்லை. 60 மில்லிமீட்டருக்கு 120. அதற்கு மேல் போனால் மங்கலான ஒன்றைப் பெரிய மங்கலாகப் பார்க்கலாம். நான் 4 மில்லிமீட்டர் வில்லையைத் தூக்கிப் போட்டுவிட்டு 20ஐ மாட்டினேன். 35 மடங்கு. சனியின் வளையம் தெரிவதற்கு அதுவே போதும். மிகச் சிறியதாகத்தான் தெரியும். படங்களில் வருவது போல எதிர்பார்க்காதீர்கள். தாங்கி ஆடினால், மூன்று கால்களுக்கும் நடுவில் ஒரு தண்ணீர்ப் புட்டியைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

ஆனால் நான் அதிகம் கையில் எடுப்பது பைனாகுலர். இதில் வயதானவர்களுக்கு யாரும் சொல்லித்தராத ஒரு சங்கதி இருக்கிறது. இருட்டில் இளைஞர்களின் கண்மணி ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் விரியும். அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் 5 வரைதான் விரியும். பைனாகுலரில் 7×50 என்று எழுதியிருந்தால், 7 என்பது உருப்பெருக்கம், 50 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம்; 50ஐ 7ஆல் வகுத்து வருவதுதான் அதிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம்: 7 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அதில் ஒரு பங்கு நம் கண்ணுக்குள் நுழையாமலேயே வீணாகும். 10×50 என்றால் சரியாக 5. 'இரவு வானத்துக்கு 7×50தான் சிறந்தது' என்று அடித்துச் சொல்பவர்கள் தங்கள் கண்ணை வைத்துச் சொல்கிறார்கள். கை நடுங்குகிறவர்கள் 8×42 எடுக்கலாம். உருப்பெருக்கம் குறைந்தால் நடுக்கமும் குறைவாகத் தெரியும். நான் சாய்வு நாற்காலியில் படுத்து, முழங்கைகளை அதன் கைகளில் ஊன்றிக்கொள்கிறேன். கழுத்து வலியும் கிடையாது. இதைப் பார்த்த எதிர்வீட்டு அம்மாள், "இரவெல்லாம் மாடியில் இருக்கிறீர்களே, வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

வியாழனின் நிலவுகள் பைனாகுலரில் தெரியும் என்பது எனக்கே செய்தியாகத்தான் இருந்தது. 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்த அதே நான்கும்தான். உள்ளே இருக்கும் அயோ வியாழனை ஏறக்குறைய 42 மணி நேரத்தில் சுற்றிவிடுகிறது. வெளியே இருக்கும் கலிஸ்டோவுக்குப் பதினேழு நாள் ஆகிறது. ஒரு நோட்டில் நடுவே வட்டம், இரு பக்கமும் புள்ளிகள் என்று வரைந்துகொண்டே வந்தால், ஒரு பக்கம் மூன்று இருந்தது மறுநாள் இரண்டாகும், ஒன்று காணாமல் போகும், பிறகு மறுபக்கம் முளைக்கும். வேலைக்குப் போகிறவர் ஓர் இரவு பார்த்துவிட்டு 'அழகாக இருக்கிறது' என்று படுக்கப் போவார். அடுத்தடுத்த இரவுகளில் பார்க்க நம்மைப் போன்றவர்களால்தான் முடியும்.

2019 கடைசியில் தொடங்கி 2020 பிப்ரவரி வரை, ஓரியனின் ஒரு தோளில் இருக்கும் திருவாதிரை நட்சத்திரம் வழக்கத்துக்கு மாறாக மங்கியது நினைவிருக்கிறதா? கருவி எதுவும் வேண்டாம், வெறும் கண்ணே போதும். பக்கத்தில் இருக்கும் நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இதைவிடக் கூடவா குறைவா என்று குறித்துக்கொண்டே வந்தேன். முதலில் ரோகிணிக்குக் கீழே இறங்கியது. பிப்ரவரியில், எதிர்த் தோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸ் அளவுக்கு வந்துவிட்டது. வெடிக்கப் போகிறது என்று செய்திகளில் ஆரவாரம். கடைசியில், நட்சத்திரமே உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி முகத்தை மறைத்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். இப்படி ஒளி மாறும் நட்சத்திரங்களின் ஒளி அளவைக் கணித்து அனுப்பும் பொழுதுபோக்காளர்களின் குறிப்புகளைச் சேர்ப்பதற்கென்றே 1911இல் அமெரிக்காவில் தொடங்கிய சங்கம் ஒன்று இன்றும் நடக்கிறது. வேறு எந்த அறிவியலில் ஓய்வூதியக்காரியின் கணிப்பைக் கேட்டு வாங்குகிறார்கள்?

அந்த நாட்களில்தான் என் கொழுந்தனார் கேட்டார், "இதனால் என்ன பயன் அண்ணி?" என்று. நல்ல மனிதர்தான். அவர் தொலைக்காட்சியில் பார்க்கிற கிரிக்கெட்டினால் என்ன பயன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. என் மகளோ இன்னும் ஒரு படி மேலே போய், நான் பார்ப்பதையெல்லாம் காணொளியாக எடுத்துப் போட்டால் வருமானம் வரும் என்றாள். முப்பது வருடம் வருமானத்துக்காக எழுந்தவளை மறுபடியும் அதற்கே எழுப்பப் பார்க்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று நினைப்பவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம். 'சும்மாதானே இருக்கிறீர்கள்' என்ற வாக்கியத்தை ஒழிக்க வேண்டும். பெண் ஓய்வு பெற்றால் அவள் நேரம் ஊர்ப் பொதுச்சொத்து. யாரோ ஒருவருக்குப் பார்சல் வரும், வாங்கி வைக்க நான். யாரோ வீட்டில் குழாய் ரிப்பேர், ஆள் வரும்வரை காவலுக்கு நான். இப்படி ஏவுகிறவர்களேதான் ஆண்டுதோறும் தவறாமல், 'ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் முழுநிலவு அளவுக்குத் தெரியும், எல்லோருக்கும் பகிருங்கள்' என்று குடும்பக் குழுவில் அனுப்புகிறார்கள். அது 2003ஆம் ஆண்டுச் செய்தி! அந்த நாளில் செவ்வாய் ஏறக்குறைய 60,000 ஆண்டுகளில் இல்லாத அளவுக்கு அருகில் வந்தது உண்மை. 75 மடங்கு பெருக்கிப் பார்த்தால், வெறும் கண்ணுக்குத் தெரியும் நிலவின் அளவில் இருக்கும் என்பதுதான் மூல வரி. முன்பாதியை யாரோ வெட்டிவிட்டார்கள். நான் விளக்கி எழுதினால் கைகூப்பும் பொம்மை ஒன்று பதிலாக வரும். அடுத்த ஆகஸ்டில் அதே செய்தி.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'கண் போய்விட்டதே, காது போய்விட்டதே, இனி என்னத்தைத் தொடங்குவது' என்று யோசித்திருப்பீர்கள். எனக்கு வலது கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை நடந்து, இடது கண் பாக்கியிருந்த சமயம். சிக்னஸ் என்ற அன்னப்பறவை உருவ நட்சத்திரக் கூட்டத்தில் ஆல்பிரியோ என்ற இரட்டை நட்சத்திரம் இருக்கிறது; வெறும் கண்ணுக்கு ஒன்று, 35 மடங்கில் இரண்டு. ஒன்று பொன்னிறம், மற்றது நீலம் என்று எல்லோரும் சிலாகிப்பார்கள். நான் அதுவரை பார்த்ததில் இரண்டாவது வெளிறிப்போன ஒரு புள்ளி. இவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அன்று வலது கண்ணை வைத்தேன். நீலம். சந்தேகமே இல்லாத நீலம். இடது கண்ணுக்கு மாற்றினேன், பழையபடி வெளிறல். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளேறி நீல ஒளியைத் தடுக்கிறது. புதிதாக வைத்தது தெளிவான லென்ஸ். கண்ணை மாற்றி மாற்றி வைத்து அந்த நட்சத்திரத்தை அணைத்து ஏற்றிக்கொண்டிருந்தேன். இளைஞர் யாருக்கும் இந்த வேடிக்கை வாய்க்காது.

எல்லோரும் வானத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. பார்வை மிகவும் குறைந்தவர்களுக்கு இது சரிப்படாது என்பதும் தெரியும். இசைக்கலைஞராக இருந்துகொண்டே 1781இல் யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலைச் சிலர் எனக்கு உதாரணம் காட்டினார்கள். அப்போது அவருக்கு 42. அதெல்லாம் ஒரு வயதா? நான் சொல்வதானால், இங்கிலாந்தில் 1700இல் பிறந்த மேரி டெலானி அம்மையாரைச் சொல்வேன். எழுபதைத் தாண்டிய பிறகு வண்ணக் காகிதங்களை இதழ் இதழாக நறுக்கி ஒட்டிப் பூக்களைச் செய்யத் தொடங்கியவர். பார்வை மங்கும்வரை, ஏறக்குறைய ஆயிரம் படங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

தேர்வு செய்யும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: அதன் சலிப்பான பகுதியை உங்களால் தாங்க முடிகிறதா? வானம் பார்ப்பதில் பாதி நேரம் மேகம். மீதியில் கண் இருட்டுக்குப் பழகவே இருபது, முப்பது நிமிடம். நடுவில் கைபேசியைத் திறந்தால் மறுபடியும் முதலிலிருந்து. எனக்கு அந்தக் காத்திருப்பு பிடித்திருக்கிறது. பிடிக்காதவர்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பதே நல்லது.

எந்த நிறுவனத்தின் பைனாகுலர் என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். வாங்குவதற்கு முன் கையில் பிடித்து, அதன் கனத்தை உங்கள் கை தாங்குகிறதா என்று பாருங்கள். கண்ணாடி அணிபவர் என்றால் கண்ணாடியோடேயே முழு வட்டமும் தெரிகிறதா என்று பாருங்கள். முதலில் நிலவைப் பாருங்கள், அதுவும் முழுநிலவை அல்ல. அரை நிலவில்தான் நிழல் விழுந்து பள்ளங்கள் எடுப்பாகத் தெரியும். சூரியன் இருக்கும் திசைக்கு அந்தக் கருவியைத் திருப்பவே கூடாது, ஒரு நொடிகூட.