ஊரில் இல்லாத ஊர்ப்பெயர்: 'ஆற்காடு' என்ற குடும்பப் பெயர் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஒரு பெண், தன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் 'ஆற்காடு' என்று இருப்பதாகவும், இப்படி ஒரு பெயரா என்று எல்லோரும் கேட்பதாகவும் எழுதியிருந்தார். அவருக்குப் பதில் சொன்னதுமே மற்றவர்களின் கேள்விகள் வரிசையாக வந்துவிட்டன. ஆற்காட்டுப் பக்கம் 34 வருடம் பத்திரம் எழுதியவன் நான். "இனிஷியலை விரிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டே காலம் போனது. அதில் தெரிந்துகொண்டதையும் படித்ததையும் வைத்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (அந்தப் பெண்): அப்பா, அண்ணன், நான் எல்லோருமே 'ஆற்காடு'தான். போன விடுமுறையில் ஆற்காட்டுக்கே போய் விசாரித்தோம். அங்கே ஒருவர்கூட இந்தப் பெயரில் இல்லை. அப்படியென்றால் இது எங்கிருந்து வந்தது?

விஷயமே அதுதான் அம்மா. ஆற்காட்டுத் தெருவில் இருக்கிறவரை ஆற்காட்டுக்காரர் என்று யார் கூப்பிடப் போகிறார்கள்? ஊரை விட்டுப் போய் வேறு இடத்தில் குடியேறினால்தான் அந்தப் பெயர் ஒட்டும். நான் எழுதிய பத்திரங்களில் உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரிலும் 'ஆற்காடு' இருந்ததில்லை. நிலத்தை விற்க பெங்களூரிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்தவர்கள் பெயரில் இருந்தது.

தெரிந்த பெரியவர்களையே பாருங்கள். இரட்டையர்களான ஆற்காடு ராமசாமி முதலியாரும் ஆற்காடு லட்சுமணசாமி முதலியாரும் 1887-ல் பிறந்தது ஆற்காட்டில் இல்லை, கர்நூலில். தம்பி சென்னைப் பல்கலைக்கழகத்தில் 27 வருடம் துணைவேந்தராக இருந்தார். அண்ணன் ஐ.நா.வின் பொருளாதார சமூகக் குழுவுக்கு முதல் தலைவர். பெங்களூரில் இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் 'அட்டாரா கச்சேரி' கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார், அங்கே 1873-ல் பள்ளிக்கூடம் தொடங்கியவர். பெங்களூர்ப் பேட்டையில் ஆற்காடு சீனிவாசாச்சார் தெரு இன்றும் இருக்கிறது.

இதே கதை எதிர்த்திசையிலும் உண்டு. அன்றைய வட ஆற்காடு ஜில்லாவில் இருந்த திருத்தணியில் 1888-ல் பிறந்து, வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணனுக்கு முன்னால் 'சர்வபள்ளி' என்று வருகிறதே, அது நெல்லூர் ஜில்லாவில் ஒரு கிராமம். அவர் முன்னோர் விட்டு வந்த ஊர். மகன் கோபாலுக்கும் அதே சர்வபள்ளிதான்.

உங்கள் வீட்டில் எப்போது கிளம்பினார்கள் என்பதற்கு மூன்று காலங்களைப் பார்க்கலாம். நவாப் முகமது அலி வாலாஜா ஆற்காட்டை விட்டுச் சென்னைக்குப் போய், 1768-ல் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டி முடித்தார். அவரை நம்பியிருந்த கணக்கர், முன்ஷி, வியாபாரி எல்லோரும் பின்னாலேயே போனார்கள். 1780-ல் ஹைதர் அலி ஆற்காட்டைப் பிடித்தபோது மிச்சமிருந்தவர்களில் பலர் ஓடினார்கள். அப்புறம் 1809-ல் பெங்களூர் கண்டோன்மெண்ட் உருவானதும் பட்டாளத்துக்குச் சரக்குக் கொடுக்கவும் கட்டட வேலைக்கும் நம் ஜில்லாக்காரர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். உங்கள் தாத்தா வீட்டில் தெலுங்கு பேசினார்களா, கன்னடம் கலந்ததா, குலதெய்வம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். குலதெய்வக் கோயில் பாலாற்றங்கரையில் என்றால் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

கேள்வி (சென்னை, ஐ.டி. ஊழியர்): ஆற்காடு என்றால் நவாப் வம்சம் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா?

இல்லை தம்பி. 'ஆற்காடு இளவரசர்' என்பது பட்டம், குடும்பப் பெயர் இல்லை. 1855-ல் கடைசி நவாப் வாரிசு இல்லாமல் இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தப் பதவியையே எடுத்துவிட்டது. அவருடைய சித்தப்பா அசீம் ஜாவுக்கு 1867-ல் விக்டோரியா மகாராணி கொடுத்ததுதான் இளவரசர் பட்டம். அந்தக் குடும்பம் இருப்பதும் ராயப்பேட்டை அமீர் மகாலில், ஆற்காட்டில் இல்லை. பட்டம் ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும்தான். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் 'ஆற்காடு' இருக்கிறது என்றால் அது ஊர்ப்பெயர்.

கேள்வி (காட்பாடி, மகளுக்கு வரன் பார்ப்பவர்): இந்தப் பெயரை வைத்து அவர்கள் என்ன ஆட்கள் என்று சொல்ல முடியுமா?

முடியாது அம்மா. முதலியார், பிராமணர், செட்டியார், நாயுடு என்று எல்லோரிடமும் இந்தப் பெயர் இருக்கிறது. ஒரே பெயர் என்பதால் பங்காளி என்றும் நினைக்க வேண்டாம்.

கேள்வி (வாலாஜாபேட்டை, தமிழாசிரியர்): ஆறு காடு சேர்ந்து ஆற்காடு என்கிறார்கள். பழைய ஆவணங்களில் 'ஆர்க்காடு' என்றும் பார்க்கிறேன். எது சரி?

அருமையான கேள்வி ஐயா. ஆறு முனிவர்கள் தவம் செய்த ஆறு காடுகள், அதனால் ஷடாரண்யம், அதுவே ஆற்காடு என்பது தலபுராணம். காரை, வன்னிவேடு, வேப்பூர், புதுப்பாடி என்று பாலாற்றின் இரு கரையிலும் உள்ள சிவன் கோயில்களை அந்தக் கணக்கில் சொல்வார்கள். சிவராத்திரிக்கு அந்தக் கோயில்களைச் சுற்றி வரும் கூட்டத்தில் நானும் போயிருக்கிறேன். மனசுக்கு நெருக்கமான கதை.

ஆனால் சொல்லை வைத்துப் பார்த்தால் எனக்கு 'ஆர்' பக்கம்தான் சரியாகப் படுகிறது. ஆர் என்றால் ஆத்தி மரம், சோழர்கள் சூடிய பூ. ஆத்திக்காடுதான் ஆர்க்காடு. நற்றிணையில் அழிசி என்பவனின் ஊராக 'ஆர்க்காடு' வருகிறது. அது நம் ஊர்தானா, சோழநாட்டில் வேறு ஊரா என்பதில் அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அப்படி ஒரு ஊர்ப்பெயர் சங்க காலத்திலேயே இருந்தது என்பது உறுதி. இன்னொன்றும் பாருங்கள். ஆறு என்ற எண் 'அறுசுவை' என்று குறுகும், இல்லையென்றால் 'ஆறுமுகம்' என்று அப்படியே நிற்கும். எண்ணுப்பெயர் 'ஆற்' என்று திரிந்து நான் பார்த்ததில்லை.

குடும்பப் பெயரைத் தேடுகிறவர்களுக்கு இதில் ஒரு பயன் இருக்கிறது. பழைய காகிதத்தில் ஆற்காடு, ஆர்க்காடு, ஆர்காடு என்று மூன்று விதமாகவும் தேட வேண்டும். ஒரே எழுத்தர் ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக எழுதியதை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி (பெங்களூர், புள்ளியியல் படிக்கும் மாணவர்): உலகத்தில் இந்தப் பெயர் எத்தனை பேருக்கு என்று இணையதளங்கள் ஒரு எண் காட்டுகின்றன. அதை நம்பலாமா? பெயர் அழிந்துகொண்டிருக்கிறதா?

தமிழ்நாட்டுப் பெயர்களுக்கு அந்த எண்ணை நம்பாதீர்கள் தம்பி. நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குடும்பப் பெயர் வாரியாக அட்டவணை போடுவதில்லை. இணையதளங்கள் கையில் கிடைத்த பட்டியல்களில் கடைசிச் சொல்லை எடுத்து எண்ணுகின்றன. நம் ஊரில் கடைசிச் சொல் என்ன? ஒன்று ஆளின் சொந்தப் பெயர், இல்லையென்றால் அப்பா பெயர். அதனால் முருகனும் குமாரும் பெரிய குடும்பப் பெயர்களாகத் தெரியும். ஆற்காடு முன்னால் ஒற்றை எழுத்தாக ஒளிந்திருக்கும், எண்ணிக்கையில் வரவே வராது. அதே ஆள் வெளிநாடு போய் ஆற்காட்டைக் கடைசியில் போட்டால் உடனே கணக்கில் ஏறுவார். அதனால்தான் வேலூரைவிட அமெரிக்காவில் அதிகம் இருப்பதுபோல் தெரிகிறது.

அழிகிறதா என்றால், தமிழ்நாட்டில் ஆம் என்றுதான் சொல்வேன். அப்பா வழியாக மட்டும் போகும் பெயர் என்ன ஆகும் என்ற கணக்கை கால்டன், வாட்சன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1873, 1874-லேயே போட்டுப் பார்த்தார்கள். தலைக்குச் சராசரி ஒரு மகன்கூட இல்லையென்றால் எந்தப் பெயரும் நாளடைவில் நின்றுவிடும். தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தை. அதில் மகன் ஒன்றுக்கும் குறைவு. கணக்கு அங்கேயே முடிகிறது.

அதைவிடப் பெரிய காரணம், நாமே அந்த எழுத்தை விட்டுவிட்டோம். முன்பு இரண்டு எழுத்து இருக்கும். முதலாவது ஊர், இரண்டாவது அப்பா. அறிஞர் அண்ணாவின் 'சி.என்.' காஞ்சிபுரமும் (அன்றைய ஆங்கிலத்தில் 'கான்ஜீவரம்', Conjeevaram) நடராஜனும்தான். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு பின்னால் இருந்த சாதிப் பட்டம் மெல்லப் போனது, அது நல்லதே. ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது 'அப்பா பேர் மட்டும் போதும்' என்று முன்னால் இருந்த ஊரையும் விட்டார்கள். அதுதான் எனக்கு வருத்தம். ஊர்ப்பெயர் யாரையும் தாழ்த்தவில்லையே.

கேள்வி (பாலக்காடு, அரபி ஆசிரியர்): எங்கள் பக்கம் நிறையப் பேர் பெயரில் 'பாகவி' இருக்கிறது. அது வேலூரிலிருந்து வந்தது என்கிறார்களே?

ஆமாம் ஹஜ்ரத். வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் பாகவி. கேரளத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் இங்கே வந்து படித்திருக்கிறார்கள், அதனால் உங்கள் பக்கம் அதிகம். ஆம்பூர் பக்கத்தில் 1924-ல் தொடங்கிய உமராபாத் தாருஸ்ஸலாமில் படித்தவர்கள் 'உமரி'. முறைப்படி இது படித்தவருக்கு மட்டும் உரிய பட்டப்பெயர். ஆனால் தகப்பனார் பெயர் நிலைத்துவிட்டால் பிள்ளைகளும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒரு குடும்பப் பெயர் பிறப்பதை நம் கண்முன்னால் பார்க்கிறோம். ஊரோடு சேரும் 'வேலூரி' தனி. இங்கிருந்த உருது, பாரசீகக் கவிஞர்கள் அப்படி எழுதிக்கொண்டார்கள்.

கேள்வி (கோலார் தங்கவயல், ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி): என் பாட்டன் வட ஆற்காட்டிலிருந்து சுரங்கத்துக்கு வந்தவர். ஊரை விட்டவர்களுக்குப் பெயர் ஒட்டும் என்றீர்கள். எங்களுக்கு ஏன் ஒட்டவில்லை?

அண்ணே, இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். நான் சொன்னதைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஊரை விட்டால் மட்டும் போதாது, பெயரைக் காகிதத்தில் எழுதுகிறவர்கள் அதை முழுதாக எழுத வேண்டும். கணக்கருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் கையெழுத்து இருந்தது, ஊரைச் சேர்த்துப் போட்டார்கள். 1880-களிலிருந்து தங்கவயலுக்குப் போன உழைப்பாளிகளுக்கு ஒரு பெயர், ஒரு எண், ஒரு கைரேகை. ஊர் அவர்கள் பேச்சில் இருந்தது, பதிவேட்டில் ஏறவில்லை.

கடல் தாண்டியவர்களுக்கு நடந்தது இன்னும் விசித்திரம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு போன கப்பல்களிலும் நம் ஜில்லா ஆட்கள் உண்டு. கப்பல் பட்டியலில் அப்பா பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் தனித்தனிக் கட்டத்தில் எழுதினார்கள். ஆனால் அங்கே குடும்பப் பெயராக நின்றது ஊர் இல்லை, பட்டம். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார், முதலியார் 'மூட்லி' ஆனார். டர்பன்காரர் அந்தப் பட்டியலை வைத்துத் தன் கிராமத்தைக் கண்டுபிடிக்க முடிகிறது. உங்களுக்குப் பழைய சுரங்கச் சம்பளச் சீட்டோ, கோயில் வரிப் புத்தகமோ வீட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி (ராணிப்பேட்டை, முதல்முறை வெளிநாடு போகும் இளைஞர்): பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. ஏதாவது பிரச்சினை வருமா?

வரலாம் தம்பி. ஒற்றைப் பெயராக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டு, முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சடிப்பார்கள். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயரோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் அப்போது ஏற்றுக்கொண்டார்கள். பாஸ்போர்ட்டைத் திருத்துவதானால் அப்பா பெயரா, ஊர்ப்பெயரா என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். ஊர்ப்பெயரைப் புதிதாகச் சேர்ப்பதென்றால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு, ஆதார், சான்றிதழ் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டு அப்புறம் பாஸ்போர்ட்டுக்குப் போங்கள்.

கேள்வி (வாணியம்பாடி, மளிகை வியாபாரி): தாத்தாவின் 1938 கிரயப் பத்திரத்தில் அவர் பெயருக்கு முன்னால் 'வ.ஆ.ஜி. ஆ.தா.' என்று இருக்கிறது. அந்த 'ஆ' எங்கள் குடும்பப் பெயரா?

நீங்கள் ஆசையோடு கேட்கிறீர்கள், ஆனால் இல்லை அண்ணே. அது 'வட ஆற்காடு ஜில்லா, ஆற்காடு தாலுகா'. விலாசத்தைச் சுருக்கி எழுதியிருக்கிறார்கள். பத்திரம் எழுதுகிறவர்கள் காகிதத்தை மிச்சம் பிடிக்க எல்லோருமே அப்படித்தான் எழுதுவோம். பெயர் தெரிய வேண்டுமானால் மேலே பார்க்காதீர்கள், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பாருங்கள். உங்கள் தாத்தா விற்றவராக இருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார். வாங்கியவர் என்றால் அவர் கையெழுத்து இருக்காது. அங்கே பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் அப்பா. இரண்டு இருந்தால் முதல் எழுத்து ஊர் அல்லது வீட்டுப் பெயர். கையெழுத்து தெலுங்கில் இருந்தாலும் பயப்பட வேண்டாம், அந்தக் காலத்தில் நம் ஜில்லாவில் அது சாதாரணம். பின்பக்கத்தில் சார்பதிவாளர் முன்னால் இன்னாரை எனக்குத் தெரியும் என்று சாட்சி சொன்னவர்கள் பெயரும் இருக்கும். தாத்தா விற்றவர் என்றால் அதில் ஒருவர் உங்கள் பங்காளியாக இருக்கலாம், அவர் பெயரில் அந்த எழுத்தை விரித்து எழுதியிருக்கவும் வாய்ப்பு உண்டு. மடிப்பை மெதுவாகப் பிரித்து, வெயிலில் வைக்காமல், பின்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்புங்கள். படித்துச் சொல்கிறேன்.