ஆக்ஸிமீட்டர் 88 காட்டினால்?

கேள்வி: கொரோனாவோடு வீட்டிலிருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஆக்ஸிமீட்டர் (விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜன் சதவீதத்தைப் பார்க்கும் கருவி) ஒருமுறை 88, அடுத்த நிமிடமே 96 காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: மூச்சுத்திணறல், நீலம் பாரித்த உதடு, குழறும் பேச்சு இருந்தால் எண்ணுக்காகக் காத்திராமல் 108ஐ அழையுங்கள். இல்லையென்றால், முதலில் விரலைப் பாருங்கள். குளிர்ந்த விரலில் ரத்த ஓட்டம் குறைவு. நகப்பூச்சும் கறுத்த மருதாணியும் கருவியின் ஒளியை மறிக்கும். பாட்டியை 5 நிமிடம் உட்காரவைத்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, நடுவிரலில் மாட்டி, கையை நெஞ்சு உயரத்தில் அசையாமல் வையுங்கள். எண் ஒரு நிமிடம் நிலைத்த பிறகே குறித்துக்கொள்ளுங்கள். கூடவே தெரியும் நாடித்துடிப்பை ஆக்ஸிஜன் என்று வாசித்துப் பதறுகிறவர்களும் உண்டு. 94க்குக் கீழே நின்றால் மருத்துவரிடம் பேசுங்கள். 90க்குக் கீழென்றால் உடனே மருத்துவமனை. பாட்டியின் அறைக்குள் போகும்போது நீங்களும் பாட்டியும் முகக்கவசம் அணியுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும்.