மாலதி, மாலினி குழப்பம்: ‘நான்’ என்று மாற்றலாமா?

உங்கள் கதையில் வரும் மாலதி, மாலினி என்ற இரு பெண்களை வாசகர் குழப்பிக்கொள்வதால், படர்க்கையில் (‘அவள்’) உள்ள கதையைத் தன்மைக்கு (‘நான்’) மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம். மாலினியைக் கௌரி ஆக்குங்கள், பாதிக் குழப்பம் தீரும். வேகமாகப் படிக்கும் கண் பெயரின் தொடக்கத்தைத்தான் பிடிக்கும். போதாததற்கு இருவருமே ‘அவள்’தான்.

“யார் நினைக்கிறார்கள் என்றே புரியவில்லை” என்று வாசகர் சொன்னதற்கு, ஒரே காட்சியில் இருவர் மனதுக்குள்ளும் நீங்கள் புகுந்ததே காரணமாக இருக்கும்.

அந்தக் காட்சியை மட்டும் மாலதியின் ‘நான்’ ஆக எழுதிப் பாருங்கள். அவளுக்குத் தெரிய வழியில்லாத வரிகள் உடனே இடறும். அவற்றை வெட்டிவிட்டுப் படர்க்கைக்குத் திருப்புங்கள். வினைமுற்றையும் பாருங்கள்: அப்பாவின் பெயர் சண்முகம் என்றால், மகள் பார்வையில் ‘சண்முகம் வந்தான்’ வராது, ‘அப்பா வந்தார்’தான். யார் பார்வை என்பதை வினைமுற்றே காட்டிவிடும். தமிழ் தரும் அருமையான வசதி இது, விட்டுவிடாதீர்கள்.

முழுக்கதையையும் எல்லாம் அறிந்த கதைசொல்லி சொல்வதாக இருந்தால் வெட்ட வேண்டியதில்லை. மனம் மாறும் இடத்தில் பத்தி பிரித்தால் போதும்.