குறைப்பிரசவம் வருமா என்று முன்கூட்டியே சோதித்துப் பார்க்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறேன். இது இரண்டாவது கர்ப்பம், இப்போது 19 வாரம். மூத்தவன் 33வது வாரத்திலேயே பிறந்துவிட்டான். பஞ்சுக்குச்சியால் எடுக்கும் ஒரு பரிசோதனையில் குறைப்பிரசவம் வருமா என்று தெரிந்துவிடும் என்கிறார் அக்கா. இப்போதே செய்துகொள்ளட்டுமா? மாமியாரோ, படுத்தே இருந்தால் போதும் என்கிறார்.

பதில்: அந்தப் பரிசோதனை இப்போது வேண்டாம். உங்களுக்கு வேண்டியது வேறொன்று, அதைத் தள்ளிப்போடக் கூடாது.

முதலில் ஒரு விஷயம். மூத்தவன் தானாக வலி எடுத்தோ பனிக்குடம் உடைந்தோ பிறந்தானா, அல்லது ரத்த அழுத்தம் போன்ற காரணத்துக்காக மருத்துவரே முன்கூட்டி எடுத்தாரா? தானாக என்றால், இந்த முறையும் அப்படி நடக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட உங்களுக்குக் கூடுதல். அப்படிப்பட்ட தாய்க்கு இந்த வாரங்களில் கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளக்க வேண்டும். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன் அது. வயிற்றின் மேல் வைத்து அளந்தால், சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது வாய் உண்மையைவிட நீளமாகத் தெரியலாம். கூச்சமாக இருந்தால் பெண் ஊழியர் வேண்டும் என்று கேளுங்கள். குழந்தைக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை.

24 வாரத்துக்குள் அந்த நீளம் 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கைகட்டி உட்கார வேண்டியதில்லை. இரவில் பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் புரோஜெஸ்டரோன் என்ற ஹார்மோன் மாத்திரை தரலாம். உங்களைப் போல முன்அனுபவம் உள்ளவருக்குக் கர்ப்பப்பை வாயில் தையல் போடுவது பற்றியும் மருத்துவர் பேசுவார். நீளம் நன்றாக இருந்தாலும் சில வாரங்கள் கழித்து மறுபடி அளக்கச் சொல்லலாம்.

சரி, அக்கா சொன்ன பரிசோதனை? அது ஃபைப்ரோனெக்டின் என்ற புரதத்தைத் தேடுகிறது. குழந்தையின் பனிக்குடச் சவ்வைக் கர்ப்பப்பையோடு ஒட்டவைக்கும் பசை போன்றது அது. 24 முதல் 34 வாரம் வரை பிறப்புறுப்பில் அது அவ்வளவாகத் தென்படக் கூடாது. (வேறு புரதங்களைத் தேடும் பரிசோதனைகளும் உண்டு.) இது வலி போன்ற அறிகுறியோடு வருபவருக்கானது. விட்டுவிட்டு வயிறு இறுகுகிறது என்று வருபவருக்கு ‘இல்லை’ என்று வந்தால், அடுத்த ஒரு வாரத்துக்குள் பிரசவமாகும் வாய்ப்பு மிகக் குறைவு. பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ‘உண்டு’ என்று வந்துவிட்டாலும் பிரசவம் நிச்சயம் என்று ஆகாது. அப்படி வந்தவர்களிலும் பலர் பல வாரம் கழித்தே பெற்றெடுக்கிறார்கள். ஆகவே என் பார்வையில் இதன் அருமையே அந்த ‘இல்லை’யில்தான் இருக்கிறது. எந்தத் தொந்தரவும் இல்லாதபோது செய்துகொண்டு, ‘உண்டு’ என்ற சொல்லோடு மாதக்கணக்கில் பயந்து வாழ்வதில் பயனில்லை.

ஒருவேளை பின்னால் இதைச் செய்ய நேர்ந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். முந்தைய 24 மணி நேரத்தில் தாம்பத்திய உறவு இருந்தாலோ ரத்தக்கசிவு இருந்தாலோ முடிவு தவறாக வரலாம். பக்கத்தில் மாமியார் நிற்கிறார் என்று பலர் இதைச் சொல்வதே இல்லை. மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, தயவுசெய்து கேளுங்கள்.

படுத்தே கிடப்பது குறைப்பிரசவத்தைத் தடுப்பதாக நிரூபணம் இல்லை. காலில் ரத்தம் உறையும் அபாயம்தான் கூடும். மாமியாரின் அக்கறையை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள்: மூத்தவனைத் தூக்கிச் சுமக்கும் வேலையை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் இடைவெளி விட்டு வயிறு இறுகினாலோ, இடுப்பு விடாமல் வலித்தாலோ, அடியில் அழுத்தம் தெரிந்தாலோ, நீரோ ரத்தமோ கசிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கேகே மருத்துவமனையில் மகளிருக்கான அவசரப் பிரிவு இரவும் பகலும் திறந்திருக்கும். நேரத்துக்குப் போனால்தான் குழந்தையின் நுரையீரலுக்கு வலுவூட்டும் ஸ்டீராய்டு ஊசியை முறையாகப் போட முடியும். இதில் ஒரு வகை மருந்தை இரண்டு தவணையாக, 24 மணி நேர இடைவெளியில் போடுவது வழக்கம்.

செலவைப் பொறுத்தவரை, பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனைகளுக்கு மருத்துவச் செலவுக்கான சேமிப்பான மெடிசேவிலிருந்து 900 வெள்ளி வரை எடுக்கலாம். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். அப்புறம், இந்த வாரமே மருத்துவமனையை அழைத்து நேரம் வாங்குங்கள். போகும்போது மூத்தவன் பிறந்தபோது கொடுத்த மருத்துவ அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள்.