இறக்கை மட்டும் கிடக்கிறது, உடம்பைக் காணோம்

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் பத்து மாவில் சம்பா நட்டு 28 நாள் ஆகிறது. போர்செட் பக்கத்து வரப்பில், கரண்டுக் கம்பிக்குக் கீழே, தினமும் வண்ணத்துப்பூச்சி இறக்கைகள் சிதறிக் கிடக்கின்றன. உடம்பு மட்டும் இல்லை. பயிருக்குள் மஞ்சள் அந்துப்பூச்சியும் பறக்கிறது. ஏதாவது நோயா? கடையில் சைபர்மெத்ரின் அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?

பதில்: இப்போது அடிக்காதீர்கள். நோய் எதுவும் இல்லை. உடம்பைத் தின்றுவிட்டு இறக்கையைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கம்பிக்கு நேர் கீழே கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, ஆள் யார் என்பது அதிலேயே தெரிகிறது. கரிச்சான், அதாவது நம் இரட்டைவால் குருவி. பச்சைப் பஞ்சுருட்டானாகவும் இருக்கலாம்.

நாளைக்கு விடிந்ததும் அரை மணி நேரம் வரப்பில் உட்கார்ந்து பாருங்கள். கரிச்சான் கம்பியில் சும்மா இருப்பது போலத்தான் தெரியும். கீழே ஒரு பூச்சி எழும்பியதும் விருட்டென்று பாயும், காற்றிலேயே கவ்வும், அதே இடத்துக்குத் திரும்பி வந்து உட்காரும். பஞ்சுருட்டான் பிடித்த பூச்சியைக் கம்பியில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அடிக்கும். இறக்கையில் தின்ன ஒன்றும் இல்லை, உதிர்ந்து கீழே வந்துவிடும். உயிரோடு பறக்கிற வண்ணத்துப்பூச்சிகளையும் கொஞ்சம் கவனியுங்கள். பின் இறக்கையில் கத்தரித்தது போல முக்கோணமாக ஒரு துண்டு இல்லை என்றால், பெரும்பாலும் அது அலகில் மாட்டித் தப்பித்து வந்தது.

வரப்பில் எருக்கு இருந்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி அவசரமே இல்லாமல் மிதந்து போகும், வெந்தய வரியன் என்று பெயர். புழுவாக இருந்தபோது தின்ற எருக்கின் விஷம் அதன் உடம்பில் தங்கியிருக்கும். ஒருமுறை தின்று வாந்தி எடுத்த குருவி மறுபடி அதைத் தொடாது. அதனால் அந்த இறக்கை உங்கள் குவியலில் அதிகம் இருக்காது.

சரி, பயிருக்குள் வருவோம். உங்களுக்கு உண்மையான லாபம் அங்கேதான். தூரை லேசாக விலக்கிப் பாருங்கள். கால் முழுக்க முள்முள்ளாக ஒரு சிலந்தி இலை மேல் அசையாமல் இருக்கும். அது வலை பின்னாது. அந்துப்பூச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் ஒரே தாவல், முள்கால்களால் கூடு போல அடைத்துக்கொண்டு கடித்துவிடும். நாளைக்கு இரண்டு மூன்று அந்துப்பூச்சி அதன் கணக்கு. நீங்கள் பார்த்த மஞ்சள் அந்து குருத்துப்புழுவின் தாய்ப்பூச்சியாக இருக்கலாம்; தண்டைக் குடைந்து குருத்தைக் காயவைக்கிற புழு அது. தாய்ப்பூச்சி ஒன்று நூறு முட்டைக்கு மேல் இடக்கூடியது. முட்டையிடும் முன்பே ஒன்றைப் பிடித்தால் எத்தனை குருத்து தப்பும் என்று பாருங்கள். வலைச்சிலந்திக்குத்தான் வேலை கொஞ்சம் கடினம். வண்ணத்துப்பூச்சியைத் தொட்டால் விரலில் ஒட்டுகிற தூள் இருக்கிறதே, அது செதில். வலையில் செதிலை ஒட்டவிட்டு, பூச்சி வழுக்கித் தப்பித்துவிடும்.

தட்டான் பூச்சியின் பின்னாலேயே ஓடாது. அது எங்கே வந்து சேரும் என்று பார்த்துக் குறுக்கே போகும், ஆறு காலையும் கூடை மாதிரி வைத்து அள்ளிக்கொள்ளும். அதன் குஞ்சு வளர்வதும் உங்கள் வயல் தண்ணீரில்தான். குருத்துப்புழு அந்து பகலில் இலைக்கடியில் ஒளிந்திருக்கும். நீங்கள் வயலில் நடக்கும்போது அது எழும்பும், அதனால்தான் தட்டானும் கரிச்சானும் உங்கள் பின்னாலேயே வருகின்றன. இரவில் வௌவால் பார்த்துக்கொள்ளும்.

சைபர்மெத்ரினை வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், ஒரு மாதப் பயிரில் நாலைந்து அந்துப்பூச்சியைப் பார்த்த உடனே இதே வகை மருந்தை அடிக்கச் சொன்னேன். அந்து குறைந்தது உண்மைதான். ஆனால் சிலந்தி மொத்தமும் செத்துப்போயிற்று. தின்ன சிலந்தி இல்லாததால், கதிர் வரும் நேரத்தில் தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி பெருகி, பயிரை வட்டவட்டமாக எரித்தது போலக் காயவைத்துவிட்டது. அந்த விவசாயி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்னமும் மனதில் கிடக்கிறது.

இனிச் செய்ய வேண்டியது: முன்னிறக்கை மஞ்சளாக, ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளியோடு இருந்தால் அதுதான் குருத்துப்புழுவின் தாய். இலை நுனியில் பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியலைத் தேடுங்கள். சதுர மீட்டருக்கு 2 குவியலோ, 100-க்கு 10 குருத்து காய்ந்தோ இருந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். உங்கள் பயிருக்கு இது டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் முட்டை அட்டை கட்டுகிற நாள். குருத்துப்புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கிற மிகச் சிறிய குளவி அது; அட்டையில் ஒட்டியிருக்கும் முட்டையை சிசி கணக்கில் தருவார்கள். ஏக்கருக்கு 2 சிசி, 30-ஆம் நாளும் 37-ஆம் நாளும். உங்கள் பத்து மாவுக்கு, அதாவது சுமார் மூன்றே கால் ஏக்கருக்கு, ஒரு தடவைக்கு 7 சிசி போதும். நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

கம்பி போகாத நடுவயலில் கரிச்சானுக்கு உட்கார இடம் இல்லை. டி வடிவில் குச்சி கட்டி, பயிருக்கு மேல் ஒரு அடி இருக்கும்படி ஏக்கருக்கு 15 முதல் 20 நட்டுவிடுங்கள். பால் பிடிக்கும்போது மறக்காமல் பிடுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் சில்லைக் குருவி அதிலேயே உட்கார்ந்து நெல்லைத் தின்னும். வரப்பில் தட்டைப்பயறோ உளுந்தோ விதைத்தால் சிலந்திக்கும் பொறிவண்டுக்கும் தங்க இடம் கிடைக்கும். வரப்பை மழித்துச் சுத்தமாக வைக்காதீர்கள்.

பத்து நாள் கழித்து எழுதும்போது இரண்டு எண்ணிக்கை மட்டும் சொல்லுங்கள்: சதுர மீட்டருக்கு எத்தனை முட்டைக் குவியல், பத்துத் தூரில் எத்தனை சிலந்தி.