திரையில் நீலம், தாளில் ஊதா

கேள்வி: இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் வடிவமைத்த அட்டையில் பளிச்சென்றிருந்த நீலம், அச்சில் ஊதாவாக மங்கிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: அச்சகத்தைக் குறைகூறும் முன் கோப்பின் வண்ண முறையைப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீல ஒளிகளால் திரை உருவாக்கும் ஆர்ஜிபி நிறங்கள் பலவற்றை, சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு மைகளைக் கொண்ட சிஎம்ஒய்கே முறையால் எட்ட முடியாது என்பதால், மாற்றத்தின்போது மென்பொருள் கிட்டத்தட்டப் பொருந்தும் வேறொரு நிறத்தை வைத்துவிடுகிறது. பளிச்சிடும் நீலமே இதில் பெரிதும் அடிபடுகிறது.

ஃபைல் பட்டியலிலுள்ள டாக்குமென்ட் கலர் மோடை சிஎம்ஒய்கேவுக்கு மாற்றிய பின், நீலத்தில் மெஜந்தாவின் அளவு சயானைவிட 30 சதவீதப் புள்ளிகளாவது குறைவாக இருக்குமாறு திருத்துங்கள். சயான் 100 என்றால் மெஜந்தா 70ஐத் தாண்ட வேண்டாம். மீண்டும் ஆர்ஜிபிக்கு மாற்றினாலும் இழந்த பளபளப்பு திரும்பாது என்பதால், மூலக் கோப்பின் நகலில் மட்டும் இதைச் செய்யுங்கள்.